ரத்னாவின் எடை

ஆரம்பாக்கம் கூட்டுரோட்டில் வண்டி இடப்பக்கம் திரும்புவதற்கு முன்பே ரத்னா நகர ஆரம்பித்துவிட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்தபடி கியர் கம்பிவரை ஒதுங்கி, தோள்களைக் குறுக்கி, மூச்சைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்படியும் டயர் உரசியது. மட்கார்டின் உள்விளிம்பில் ரப்பர் தேயும் கரகரப்பு, வண்டி நெடுஞ்சாலையில் நேராகும்வரை அவள் காலடியில் கேட்டுக்கொண்டே வந்தது.

பின்னால் மீன்கூடைகளுக்கு நடுவிலிருந்து கங்கம்மாள் கத்தினாள். "யம்மா ரத்னா, காலைல இன்னாத்தடி துன்னே? டயரு அழுவுது பாரு!"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ரத்னாவும் சிரித்தாள். அவள் கணவன் செங்கல்வராயன் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓட்டினான்.

அவர்களுடைய ஏரிக்கரைக் குப்பத்தில் இருந்த ஒரே வண்டி அந்தப் பழைய பிக்கப்தான். யுத்த காலத்து வண்டி. உருண்ட விளக்குகளும் புடைத்த மட்கார்டுகளுமாகப் பார்ப்பதற்கு எதையோ கேட்டுத் திகைத்து நிற்கும் முகம்போல இருக்கும். பொங்கல் கழிந்த வாரத்தில் அதன் இடது முன் டயர் வெடித்தது. எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிக்காரர்களிடம் பேசி, செங்கல்வராயன் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தான். மாட்டி முடித்ததும் வண்டி ஒருபக்கம் லேசாகத் தூக்கி நின்றது. "அளவு சரியா கீதாய்யா?" என்று ரத்னா கேட்டாள். "எனக்குத் தெரியாததா? மணல்ல பொதையாம போவும் பாரு" என்றான். மணலில் புதையாமல்தான் போனது. முதல் திருப்பத்தில் உரசியது.

அன்றைக்குப் பெண்கள் என்ன சத்தம் என்று கேட்டபோது, அவன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்ததுதான் அந்த பதில். "இன்னா பண்றது, எம் பொண்டாட்டி வெயிட்டு அப்பிடி." வண்டியே குலுங்கும்படி சிரித்தார்கள். ஒருமுறை சிரிக்கவைத்த சொல்லை மனிதன் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. டீக்கடையில் சொன்னான். செக்போஸ்ட்டில் சொன்னான். பிறகு அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் படியில் கால் வைக்கும்போது தெரியாத லாரிக்காரர்கள்கூடத் திரும்பி வண்டி சாய்கிறதா என்று பார்த்தார்கள். அவள் ஏறுவது ஒவ்வொரு நாளும் மெதுவாகிக்கொண்டே வந்தது, தன் உடம்பை யாருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட முடியும் என்பதுபோல.

அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பிரியமான மடவை மீன் தலையை அவன் தட்டில் வைத்துவிட்டு, "பசிக்கலைய்யா" என்று எழுந்துபோனாள். அவன் அதைத் தின்றான். முள்ளை உறிஞ்சும்போது, நாளைக் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். டயர்தான் பெரிசு, நீ இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அதில் ஏற்கெனவே காத்திருப்பதாகத் தோன்றியது. ஒருநாள் தனியாகப் போனபோது அதே திருப்பத்தில் உரசியது. அதே அளவு, அதே சத்தம். பக்கத்து இருக்கையை அவன் பார்க்கவில்லை.

இன்று எளாவூரைத் தாண்டியதும் ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் மெக்கானிக் அரசப்பனின் ஷெட் முன்னால் நிறுத்தினான். அரசப்பன் வாயில் பீடியுடன் குனிந்து பார்த்தான்.

"நூலு தெரியுதுபா. இன்னும் நாலு திருப்பம் போயிருந்தா கவுந்திருப்பே. எத்தினி நாளா உரசுது?"

செங்கல்வராயன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கங்கம்மாள் முந்திக்கொண்டாள். "அது ரத்னா ஒக்காந்தா உரசும் நைனா! அதுக்கு மருந்து உங்கையில இல்ல!"

அப்போது அவன் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"அப்டியா? யக்கா, கொஞ்சம் எறங்கு, பாப்போம்" என்றான் அரசப்பன்.

ரத்னா இறங்கினாள். முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு, ஷெட் ஓரத்தில் தள்ளி நின்றாள். அரசப்பன் செங்கல்வராயனையும் இறங்கச் சொல்லிவிட்டு, வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். தோளால் முட்டுக்கொடுத்து வண்டியைத் தள்ளினான்.

கரகரவென்று உரசியது.

"இப்போ யாருபா உள்ள ஒக்காந்துகினு கீறாங்க?" அரசப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் துடைத்து, அதிலிருந்த அளவைப் படித்தான். "யோவ், இது லாரி டயரு! மாட்டும்போதே தெரிஞ்சிருக்குமே உனக்கு. சொம்மா அந்தம்மா மேல பழி போட்டுகினு... நல்ல ஆளுய்யா நீ."

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. செங்கல்வராயனுக்குக் காது மடல்கள் எரிந்தன. ரத்னா டயரைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம், தண்டவாளத்தையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்ன எலும்பு துருத்தித் தெரிந்தது. வெயிலில் பார்க்கும்போதுதான் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

அரசப்பன் சரியான அளவில் ஒரு டயரைத் தேடி எடுத்து மாட்டினான். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினான். சத்தமில்லை. செங்கல்வராயன் சுற்றிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவன் அவளுக்காகக் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "வா, ஏறு" என்றான்.

ரத்னா அவனைக் கடந்து பின்பக்கம் போனாள்.

"கங்கம்மாக்கா, கொஞ்சம் எடம் குடு."

கங்கம்மாள் கூடையை நகர்த்திவிட்டுக் கையை நீட்டினாள். ரத்னா அதைப் பிடித்து ஒரே எட்டில் ஏறினாள்.

மார்க்கெட் தெருவுக்குள் அவன் இடப்பக்கம் திருப்பினான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. கொஞ்ச தூரத்தில் வண்டிக் கூரைத் தகரத்தில் யாரோ ஒருமுறை தட்டினார்கள். நிறுத்தினான். பின்னாலிருந்த மீன்காரி பூவம்மாள் கூடையோடு இறங்கி, அவன் பக்கம் திரும்பாமல் கூட்டத்துக்குள் போனாள். அவன் தலைக்கு மேலே மறுபடி தகரம் ஒலித்தது, இரண்டு தட்டு, போகலாம் என்று. தட்டிய கையில் அவனுக்குப் பழகிய கண்ணாடி வளையல்கள் சலசலத்தன.

அவன் கியரைப் போட்டான்.