மொட்டை மாடிக்கு வந்த பத்து கட்டா

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, பத்து கட்டா நிலம் ஒன்று கேனிங் லோக்கல் ரயிலில் வந்து டாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி, படியேறி, அமலா குடியிருந்த அரசுக் குடியிருப்பின் மொட்டை மாடியில் வரப்போடு படுத்துக்கொண்டது. கட்டா வங்காளத்து அளவு; நம்மூர்க் கணக்கில் பதினாறு சென்ட். அங்கே எப்படி அடங்கியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. யாருடைய நிலம் என்று அமலாவுக்கு மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பாசன அலுவலகத்தில் அதன் மனுவில் 'லாபமில்லை' என்று முத்திரை குத்தியவளே அவள்தானே!

நிலத்துக்காரி சபிதா மண்டல் கேட்டது ஒரு சின்ன மோட்டார், அதற்கொரு மின் இணைப்பு. குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்தே பாகற்காய் விளைவித்தவள். ஆனால் அலுவலகப் படிவத்தில் நெல்லுக்கு மட்டும்தான் இடம். "பாகக்காய்க்குக் கட்டமே இல்லையேம்மா, ஜீரோ போட்டு அனுப்பிடு" என்றார் மேலதிகாரி வெங்கட்ராமன். இரண்டு வருடம் அமலாவும் ஜீரோ போட்டாள். அந்தத் துண்டு நிலத்தில் நெல்லைப் போட்டு யார் பிழைப்பது?

குடியிருப்பின் மாடித் தொட்டி தினமும் நிரம்பி அரை மணி நேரம் வழியும். மோட்டாரை நிறுத்த ஒருத்தருக்கும் கை வராது. அந்த வீண் தண்ணீரைக் குடித்தே நிலம் இரண்டு மாதத்தில் காய்த்துத் தள்ளியது. சபிதா அதே லோக்கலில் தினமும் வந்து பறித்தாள். லேக் மார்க்கெட் தமிழ்க் கடைகள் கூடையோடு வாங்கிக்கொண்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக மகளை டியூஷனுக்கு அனுப்பினாள்.

அதே குடியிருப்பில், மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீட்டில் இருந்த வெங்கட்ராமன் ஏறி வந்து பார்த்தார். "லாபம்தான், யார் இல்லேன்னா? ஆனா இது மாடி. நிலம் ஊருக்குப் போகட்டும், அப்புறம் புதுசா அப்ளை பண்ணச் சொல்லு."

அமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாம வழியவிடற தண்ணியில அவங்க குடும்பமே நிமிர்ந்திடுச்சு சார். நமக்கு வெக்கமா இல்ல?"

மறுநாள் அலுவலகத்தில் சபிதாவின் பழைய படிவத்தை எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துப் புதுக் கட்டம் போட்டாள். காய்கறி என்று எழுதி, விளைச்சலையும் எழுதி நீட்டினாள். விதி, சட்டம் என்று அவர் நான்கு நாள் குதித்தார். ஐந்தாம் நாள் கூரை வழியாக அவருடைய கட்டிலில் சேறு சொட்டியது. கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் ஊரில் மோட்டாருக்கு மின் இணைப்பு வந்தது. மறுநாள் நிலம் வரப்பைச் சுருட்டிக்கொண்டு சபிதாவோடு ஸ்டேஷனுக்கு நடந்தது. பெண்கள் பெட்டியில் நெரிசல். "ஏக்டு சேபே போஷுன், திதி" என்றாள் சபிதா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க அக்கா என்று. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து, பத்து கட்டாவுக்கும் இடம் விட்டார்கள்.