கதவோரத்துக் கறை

காலையில் குளித்து முடித்ததும் அருள்குமார் தன் வலது கைக்கு இரண்டு பூச்சுப் போடுவான். முதலில், சித்தூர் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீன் லோஷன். அது காய்வதற்குள் அதன்மேல் ஒரு பழுப்புக் கிரீம். அவனுடைய நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி மனைவி தேன்மொழி மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்த வெண்புள்ளி அதற்குள் மறைந்துவிடும்.

“கொஞ்சம் காய வுடு மாமா. ஈரத்தோட போறியே!”

“ஏழரைக்கு வண்டி வாசல்ல நிக்கணும். காய வச்சிக்கினு இருந்தா சார் கத்துவாரு.”

நகரியில் விசைத்தறி ஆலை வைத்திருக்கும் முரளிதரனிடம் அவன் டிரைவர். ஆலைக்கும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்குமாக வாரத்தில் நாலு நாள் ஓட்டம். காலை வெயில் வழிநெடுக அவன் வலது கையில்தான் விழும். “இது ஒட்டுற நோய் இல்லை. யாராவது குஷ்டம்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா புள்ளி மேல வெயில் பட்டா வெந்துடும், லோஷன் போடாம வெளியே போகக்கூடாது,” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனால் முரளிதரன் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் வெள்ளை அரைக்கைச் சட்டை. மாற்றிக் கேட்டால் ஏன் என்பார். அந்த ஏனுக்குத்தான் அருள்குமாரிடம் பதில் இல்லை.

போன வருஷம் தறி ஓட்டுகிற ஒருவனுக்கு உதட்டோரம் வெளுத்தபோது, “வெண்குஷ்டம்டா. அவன் தொட்ட துணிய எவன் வாங்குவான்?” என்று முரளிதரன் கணக்குத் தீர்த்து அனுப்பியதை அருள்குமார் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான்.

முரளிதரன் வாங்கியிருந்த புது வண்டிக்கு உள்ளே எல்லாமே சந்தன நிறத் தோல். மூன்றாவது மாதம், டிரைவர் கதவில் கை வைக்கிற இடம் பிசுபிசுத்து, ஓரத்தில் வெள்ளையும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டாகக் கறை கண்டது. லோஷனும் கிரீமும் வெயிலில் இளகி, கை படப்பட ஊறிப்போயிருந்தன. தினமும் இறங்குமுன் கைக்குட்டையால் அருள்குமார் துடைத்துப் பார்த்தான். கறை காய்ந்து கெட்டியானதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை அது முரளிதரன் கண்ணில் பட்டுவிட்டது. தெருவில் நாலு வீட்டு வண்டிகளைக் கழுவிப் பிழைக்கும் கன்னையாவைக் கூப்பிட்டார்.

“இன்னாத்தய்யா ஊத்தித் தொடச்ச?”

“சோப்புத் தண்ணி தான் சார். அந்த எடத்துல நான் கையே வைக்கல.”

“அப்புறம் கறை வானத்துலேர்ந்து வந்துச்சா? நாளைலேர்ந்து வராத. தெருவுல யார் வண்டியவும் தொடாத, நானே எல்லார்ட்டயும் சொல்லிடறேன்.”

கன்னையாவுக்கு அறுபது வயதிருக்கும். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே அருள்குமாரைப் பார்த்தார். ‘நீயாவது சொல்லேன்’ என்கிற மாதிரி இருந்தது. அருள்குமார் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து ஏறிவிட்டான்.

ஏறியபிறகுதான் வண்டி அவனை நெருக்கியது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடியது, இருந்தும் மூச்சு முட்டியது. வலது கையைக் கதவில் படாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கிழவரின் பிழைப்புப் போகும். லோஷனை விட்டால் தோல் வெந்துபோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. புத்தூர் தாண்டியதும் அவனால் முடியவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினான்.

“இன்னாடா, பஞ்சரா?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த முரளிதரன்.

“இல்ல சார். அந்தக் கறை கன்னையா பண்ணதில்ல. நான் பண்ணது.” கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கையில் இருந்த பழுப்பைத் துடைத்துக் காட்டினான். “டாக்டரு வெயிலுக்குக் குடுத்த லோஷன் சார். மேல இருக்கறது மறைக்கறதுக்கு. ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாங்க.”

முரளிதரன் பின் சீட்டிலேயே கதவோரமாக நகர்ந்தார். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கி நின்றார்.

“இத்தினி நாளா இத வச்சிக்கினு என் வண்டியில ஒக்காந்திருந்தியா? எறங்கு. சாவிய பேனட் மேல வச்சிட்டுத் தள்ளிப் போ.”

வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அருள்குமார் பஸ் பிடித்து நகரி வந்து சேர்வதற்குள் போன் பேச்சிலேயே செய்தி ஆலைக்குப் போயிருந்தது. மறுநாள் பாக்கிச் சம்பளம் கேட்கப் போனபோது, ஆலை வாசல் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து விலகிப் போனார்கள். டீக்கடைக்காரன் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரிலும் அவனுக்கு மட்டும் காகிதக் கப்பிலும் ஊற்றினான். சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் அவனுடைய நைனாவுக்குச் சாதி பார்த்து இப்படித்தான் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். அது நைனாவோடு போய்விட்டதென்று அருள்குமார் நினைத்திருந்தான். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தான்.

நாலாம் நாள் முரளிதரனே போன் செய்தார். “சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் பூட்ச்சுடா. ஒன் வியாதி பண்ண வேலைய ரேணிகுண்டா ஷெட்டுல வந்து ஒன் வாயாலயே சொல்லு. என்ன போட்டன்னு தெரிஞ்சாத்தான் அவங்க சரி பண்ணுவாங்க.”

போவதா வேண்டாமா என்று தேன்மொழியும் அவனும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். முரளிதரன் ஓட்டினார். பின் சீட்டில், நூல் மூட்டை சுற்றி வருகிற பாலிதீன் விரித்திருந்தது. அதன்மேல்தான் அவனுக்கு இடம். நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தது. அனல் காற்று முகத்தில் அடிக்க, முதுகுக்குக் கீழே பாலிதீன் வியர்வையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போட்டது. அசையாமல் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு ரேணிகுண்டா வரை உட்கார்ந்திருந்தான்.

ஷெட் வைத்திருந்த பரணி, கார் சீட் வேலையில் ஊறியவர். முன் கதவைத் திறந்ததும் முகம் சுளித்தார். டிரைவர் சீட்டில் சாயம் கிளம்பித் தோல் வெடித்திருந்தது. ஸ்டியரிங்கில் மேல்பூச்சு உரிந்து தொங்கியது.

“ஏமி சார் இது? எத்த போட்டுத் தொடச்சீங்க?”

“நான் இன்னா பண்ணேன்? இவன் தடவற லோஷன்தான்...”

“அது கதவுல கீது பாருங்க, அந்தச் சின்னக் கறை. நான் கேக்கறது சீட்ட.”

முரளிதரன் குரலைத் தாழ்த்தினார். “கிருமி போவணும்னு ஸ்பிரிட் போட்டேன். அப்புறம் பினாயில். மூணு நாளும் போட்டேன்.”

பரணி ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலக்கி, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, கதவில் இருந்த கறையை அழுத்தாமல் நாலைந்து தடவை துடைத்தார். பழுப்பும் பிசுக்கும் துணியோடு வந்துவிட்டன. லேசான மங்கல் மட்டும் மிஞ்சியது.

“சன்ஸ்கிரீன் கறை இவ்ளோதான் சார். அன்னன்னிக்குச் சோப்புத் தண்ணியில தொடச்சிருந்தா இந்த மங்கல் கூட இருக்காது. தடவி ஒரு கால் மணி நேரம் காய வுட்டு ஏறணும். கை படற எடத்துல ஒரு காட்டன் துண்டு போட்டுக்கினா போதும். ஆனா நீங்க ஸ்பிரிட் போட்டது தேறாது. தோலயே மாத்தணும்.”

முரளிதரன் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அருள்குமார் வாய் திறந்தான்.

“சார், என் தோலு ஒங்கள ஒண்ணும் பண்ணல. ஒங்க பயந்தான் சீட்டத் துன்னுட்ச்சு. சீட்டு மாத்தினா வரும். ஆலை வாசல்ல என்னைப் பாத்து எழுந்தாங்களே, அத எந்த ஷெட்டுல மாத்தறது?”

திரும்பி வருகையிலும் முரளிதரனேதான் ஓட்டினார். புத்தூர் தாண்டும்போது, முன்னால் பார்த்துக்கொண்டே, “அந்தத் தறிக்காரன் இப்ப எங்க வேல பாக்கறான்?” என்று கேட்டார்.

“தெரியாது சார். ஊர வுட்டே பூட்டான்.”

மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஆலை வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். முரளிதரன் கன்னையாவையும் அருள்குமாரையும் வரவழைத்திருந்தார். பேச்சு அவருக்குச் சுலபமாக வரவில்லை. இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கன்னையா மேல தப்பு இல்ல. அத நான்தான் தெரு பூராவும் சொன்னேன், நானே போய் மாத்திச் சொல்றேன். அருளுக்கு இருக்கறது வெண்புள்ளி. குஷ்டம் இல்ல, ஒட்டாது. நேத்து நானே அவனப் பாக்கற டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கேக்காமலேயே ஒருத்தன வேலைய வுட்டு அனுப்பிச்சிட்டேன், இவன ரோட்டுல எறக்கி வுட்டேன். வண்டியில கறை பட்டா சோப்புத் தண்ணி போதும். மனுஷனையே கறைன்னு நெனச்சித் தொடச்சா, பாழாப் போறது தொடைக்கறவன்தான். இனிமே இந்த வாசல்ல யாரும் யாரப் பாத்தும் எழுந்திருக்கக் கூடாது.”