எல்லாருக்கும் ஆமா

சின்னுவுக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவள் வேகத்துக்குப் படுக்கை விரிப்பு மடிக்க அங்கே வேறு ஆள் கிடையாது. ஆனால் மடித்து முடித்ததும் அடுத்து என்ன என்பது மட்டும் அவள் நினைவில் நிற்காது. அதற்காக ஒரு துணையாள் காலையில் வருவாள். அன்றைய வேலைகளைச் சின்னச் சீட்டுகளில் ஒவ்வொன்றாக எழுதி, சின்னுவின் சட்டைக் கையில் ஊக்குக் குத்திவிட்டுப் போவாள். வேலை முடிய முடியச் சீட்டைக் கழற்றிவிட வேண்டும். கையில் சீட்டு தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். இப்படியே மூன்று வருடம் நன்றாக ஓடியிருந்தது.

இந்த மாதத்தோடு துணையாளை நிறுத்துகிறோம் என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. துணையாள் போனால் வேலையும் போகும் என்று மேற்பார்வையாளர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். சின்னு கருவில் இருந்தபோது தாய் குடித்த மது அவள் மூளையைப் பாதித்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உதவி பெறத் தகுதியான குறைகள் என்று சட்டம் வைத்திருந்த பட்டியலில் அந்தக் குறையின் பெயர் இல்லை. அறிவுத்திறன் சோதனையிலும் அவள் உதவிக்கான வரம்பைவிட இரண்டு எண் கூடுதலாக வாங்கித் தொலைத்திருந்தாள். வாழ்க்கையில் அவள் அதிக மதிப்பெண் வாங்கிய ஒரே பரீட்சை அதுதான்.

போதாததற்கு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து இருபது கேள்வி கேட்டார். தனியாகச் சமைப்பாயா, தனியாக மருந்து எடுத்துக்கொள்வாயா, தனியாகப் பஸ்ஸில் போவாயா? எல்லாவற்றுக்கும் ஆமா என்றாள் சின்னு. கேட்கிறவர் முகம் வாடக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான். அதிகாரி மகிழ்ச்சியோடு போய்விட்டார்.

அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சட்டமன்றக் குழு வியாழக்கிழமை முடிவு செய்ய இருந்தது. குழுவில் ஒன்பது பேர். நாலு பேர் சேர்க்கலாம் என்றார்கள், நாலு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் ஒருவர். அவரைப் பார்க்கத்தான் திங்கட்கிழமை காலையில் தாயும் மகளும் அவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள்.

அந்த உறுப்பினர் நல்லவர். யாரையும் மனம் நோகப் பேசமாட்டார். அவரைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர்கூட ஒரு ஆமாவாவது வாங்காமல் திரும்பியதில்லை.

சின்னுவின் தாய் தையற்காரி. குடித்த தாய் அவள்தான். குடியை விட்டு இருபத்து நாலு வருடம் ஆகிறது. உறுப்பினரிடம் படிக்கப் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். வரிசையில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் ஏழாம் பக்கம் இல்லை. வீட்டிலிருக்கும் பிரதியைப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டாள். அதை அச்செடுக்கக் கீழே கடைக்கு ஓட வேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் யார் எது கேட்டாலும் அம்மா வரட்டும்னு சொல்லணும். சரியா கண்ணு?"

"சரிம்மா."

பாதிப் படி இறங்கிய பிறகுதான், அந்தச் சரியை நம்பி வந்தோமே என்று தாய்க்கு உறைத்தது. திரும்பினால் ஏழாம் பக்கம் போய்விடும். கடவுளே, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவசரப்படவில்லை, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் சின்னு, வரிசையில் காத்திருந்த சைக்கிள் சங்கத்தார் கேட்டதும், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தை முன்னால் நின்று நடத்தித் தர ஒப்புக்கொண்டாள். விலங்குப் பாதுகாப்புக்காரர்களிடம் இரண்டு நாய்க்குட்டிகளை வளர்க்க வாக்குக் கொடுத்தாள். மதுக்கடைக்காரர்கள் ஒரு மனுவோடு வந்திருந்தார்கள். இன்றைக்கு இந்தக் குறையைப் பட்டியலில் சேர்த்தால் நாளைக்குப் பாட்டிலில் எச்சரிக்கை எழுதச் சொல்வார்கள், எனவே சேர்க்கவே கூடாது என்பது மனு. அதிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

தாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, உறுப்பினரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மதுக்கடைக்காரர்களின் தலைவர் எழுந்து நின்று மரியாதை செய்தார். பெரிய உடம்பு, சிரித்த முகம்.

"உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிம்மா. இந்த வயசுல மூணு கடை நடத்துறாங்களாமே."

தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் உறுப்பினரின் செயலாளர் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

கிடைத்தது பத்து நிமிடம்தான். தாய் இரண்டாம் பக்கம் வரைதான் படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. இவ்வளவு ஓடி வாங்கி வந்த ஏழாம் பக்கத்தையும் சேர்த்துக் காகிதங்களை மடியில் கவிழ்த்துவிட்டாள்.

"அவ வயித்துல இருந்தப்போ நான் குடிச்சேன் சார். தெரியாம குடிச்சேன்னு சொன்னா பாதிதான் உண்மை. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்தத் துணையாளை மட்டும் எடுத்துடாதீங்க."

இப்படி ஒன்றைக் கேட்டதும் பெரும்பாலோர் ஜன்னலைப் பார்ப்பார்கள். உறுப்பினர் பார்க்கவில்லை. தம் முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு மனிதன் நல்லவனா என்று அறிய அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பிறகு சின்னுவிடம் திரும்பினார்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே. வேலையெல்லாம் நீயே தனியா செஞ்சிடுவியா?"

"ஆமா சார்."

"அப்போ துணையாள் வேண்டாம்தானே?"

"ஆமா சார்."

தாய் கண்ணை மூடித் திறந்தாள். "வேற ஏதாவது கேளுங்க சார். வாய்க்கு வந்ததைக் கேளுங்க."

உறுப்பினர் யோசித்தார். "போன மழைக்கு இந்த அறையில இருந்த என் குடையை எடுத்துட்டுப் போனது நீதானே?"

"ஆமா சார். கறுப்புக் குடை. ஒரு கம்பி உடைஞ்சிருந்துச்சு. சரி பண்ணக் குடுத்திருக்கேன், சனிக்கிழமை தந்துடுவாங்க."

உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. அந்தக் குடை ஏழு மாதமாக அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ பொய் சொல்லலை சார்," என்றாள் தாய். "நீங்க தொலைச்சுட்டீங்களேன்னு தேடிக் குடுக்கிறா."

சிரிப்பு நின்றது. தமக்குப் புரிகிறது என்றும், வியாழக்கிழமை தம் கை இவர்களுக்காகத்தான் உயரும் என்றும், கவலையில்லாமல் போய்வரலாம் என்றும் உறுப்பினர் சொன்னார். தாய் கைகூப்பி எழுந்தாள். சின்னு எழவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் என்னை மாதிரியா சார்?"

எழப் போன உறுப்பினர் மறுபடி உட்கார்ந்தார்.

"மதுக்கடைக்காரங்ககிட்டயும் ஆமான்னு சொன்னீங்க. கதவு சரியா மூடலை, வெளியே கேட்டுச்சு. நானும் அவங்களுக்கு ஆமாதான் சொன்னேன். ஆமான்னதும் அவங்க மூஞ்சி சந்தோஷமாயிடுது சார்."

தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உறுப்பினரின் காதுமடல் சிவந்துவிட்டது. உதவிக்குச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குடை நினைவில் தரையைப் பார்த்தார்.

"தப்பில்ல சார்," என்று சின்னு அவரைத் தேற்றினாள். "ஆனா சீட்டு எழுதணும். இல்லேன்னா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எல்லாம் போயிடும். பேப்பர் எடுங்க."

முப்பது வருடப் பொதுவாழ்வில் அவருக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. பேப்பரை எடுத்தார். ஒரு சீட்டுக்கு ஒரு வேலைதான் என்று சின்னு கண்டிப்பாகச் சொன்னாள். 'வியாழன் பத்து மணி. கை தூக்கணும்' என்று எழுதினார். அவள் தன் சட்டைக் கையிலிருந்த ஊக்கைக் கழற்றி, அவருடைய கோட்டுக் கையில் பதமாகக் குத்தினாள்.

"மதுக்கடைக்காரங்ககிட்ட இல்லைன்னு சொல்லணும். அது வேற சீட்டு."

"அது..." என்றார் உறுப்பினர்.

"அவங்க இன்னும் வெளியேதான் இருக்காங்க சார்," என்றாள் தாய் மெதுவாக.

உறுப்பினர் நடைவழிக்கு வந்து நின்றார். இல்லை என்ற சொல் முதலில் இருமலாக வந்தது. இரண்டாம் முறை காற்றாக வந்தது. மூன்றாம் முறைதான் சொல்லாக வந்தது. தலைவர் நம்பவில்லை.

"ஐயா, அரை மணி முன்னாடிதானே சரின்னீங்க?"

உறுப்பினர் கோட்டுக் கையை நீட்டினார். "சீட்டு இருக்கு," என்றார்.

தலைவர் சீட்டைப் படித்தார். சின்னுவைப் பார்த்தார். "நீயும்தானேம்மா கையெழுத்துப் போட்டே? மூணு கடை வச்சிருக்கியே?"

"ஆமா," என்றாள் சின்னு.

அந்தப் பெரிய மனிதர் என்ன நினைத்தாரோ, மனுவை எடுத்து அவள் பெயரை மட்டும் தம் பேனாவால் அடித்துவிட்டு, போய்வாம்மா என்றார்.

வியாழக்கிழமை தாயும் மகளும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் பத்தைத் தொட்டதும் உறுப்பினர் கை தூக்கினார். அப்போது ஊழியர் கழிப்பறைக்குக் கதவு மாற்றுவது பற்றிக் குழு பேசிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குழுத் தலைவர் கேட்டார். இல்லை என்றார். அந்தச் சொல் அவருக்கு இப்போது தடங்கலில்லாமல் வந்தது. கையை மட்டும் இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி ஏற்றும் தைரியம் வருமோ வராதோ என்று பயந்தார் போலிருக்கிறது. கதவு முடிந்து, வண்டி நிறுத்துமிடம் முடிந்து, பட்டியல் வருவதற்குள் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கடைசிப் பத்து நிமிடம் செயலாளர் பின்னால் நின்று அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

ஐந்துக்கு நாலு. பெயர் சேர்ந்தது.

தாய் வெளியே வந்து துணையாளுக்குப் போன் செய்தாள். சேர்த்துட்டாங்க என்று மட்டும் சொன்னாள். போனை மகளிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். துணையாள் விவரமானவள். சந்தோஷமா என்று கேட்கவில்லை. இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டாள்.

சின்னு யோசித்துப் பார்த்தாள்.

"பசிக்குது அக்கா," என்றாள்.