நூற்றுப் பதினெட்டு டிகிரி

பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தும்போதே எழில்மொழியின் உள்ளங்கை சுட்டது. மணி பதினொன்று இருபது. மாசிக் கடைசி வெயில். டேஷ்போர்டில் தனியாக ஒட்டியிருந்த சின்ன மீட்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் சூடு நூற்றி நாலு. சாலையோரத் தூங்குமூஞ்சி மர நிழலில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேன் மட்டும் ஓடும்படி சாவியை ஒரு திருப்பில் விட்டிருந்தாள். அணைத்த பிறகும் சில டிகிரி ஏறும், அதற்குப் பிறகுதான் இறங்கும். பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிற பாடமே இதுதான். தன் வண்டியிடம் மட்டும் அந்தப் பாடம் பலிக்கவில்லை.

இருபது வருடப் பழைய கார். தஞ்சாவூரில் பட்டறை வைத்திருக்கும் காதர் மைதீனும் அவளும் மூன்று வருடமாக ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து அதைப் பந்தய வண்டியாக்கியிருந்தார்கள். எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டைக் கழற்றியாயிற்று, ஏசியையும் கழற்றியாயிற்று. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போ வைத்தார்கள். டர்போவின் காற்றைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு இன்டர்கூலரை மாட்டினார்கள். அங்கேதான் வினை. ரேடியேட்டருக்கு வரவேண்டிய காற்றில் பாதியை இன்டர்கூலர் மறித்துக்கொண்டது. வேகமாக ஓடினால் வண்டி ஆறும், ஊர்ந்தால் கொதிக்கும். வருகிற ஞாயிறு சென்னையில் அவளுடைய முதல் பந்தயம். புது ஃபேன் தாங்குமா என்று பார்க்கத்தான் காலையில் வெளியே எடுத்தாள். தாங்கவில்லை.

எதிரே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட நர்ஸ் ஒருத்தி சாலையைக் குறுக்கே கடந்து ஓடிவந்தாள். கோட்டில் ஹாஃபிஸா என்று பெயர் குத்தியிருந்தது.

"இந்தக் காரு யாருதுங்க்கா?"

"என்னுதுதான்."

"தஞ்சாவூர் வரைக்கும் வரணும். நல்லபாம்பு கடிச்ச ஆளு. மருந்து ஏத்தியாச்சு, ஆனா கண்ணு சொருவுது, மூச்சு குறையுது. பெரியாஸ்பத்திரில மூச்சு மிஷின் வெச்சாத்தான் உண்டு. எங்க வண்டி பிரசவக் கேஸோட போயிருக்கு. இன்னொரு ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷங்கிறாங்க."

"வண்டி சூடாயிருக்குங்க. ஒரு அரை மணி நேரம் ஆறினா..."

"அரை மணி நேரம் அவருகிட்ட இல்லக்கா."

எழில்மொழி பானட்டை இறக்கினாள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அருகே வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. குணசேகரன். வாயோரம் எச்சில் வழிந்தது. இமைகள் பாதியில் தொங்கின. வலது காலில் அறுப்பு வயலின் சேறு இன்னும் காயவில்லை.

குணசேகரனின் அந்த வயலில் அவள் அப்பா இருபது வருடம் கதிர் அறுத்திருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன்னால் குணசேகரன் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்தார். இந்தக் காரின் சத்தத்தால் தெருவில் குடியிருக்க முடியவில்லை, இது தெருவுக்குள் வரக் கூடாது என்று. எழில்மொழியின் வீட்டுக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வேறு வழியில்லை. அன்றிலிருந்து கார் பட்டறையில்தான் நிற்கிறது. சத்தம் மட்டும் காரணமில்லை என்பது அவர் தெருவுக்கும் அவள் தெருவுக்கும் தெரியும். அதே தெருவில் சைலன்சர் இல்லாத டிராக்டர்கள் விடிய விடிய ஓடின.

பின்சீட்டு இல்லாதது நல்லதாகப் போயிற்று. வெறும் தகரத்தில் ஆஸ்பத்திரி மெத்தையை விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள். ஹாஃபிஸா பக்கத்தில் மண்டியிட்டு, கையால் அமுக்கிக் காற்று ஏற்றும் பையை மடியில் வைத்துக்கொண்டாள். குணசேகரனின் மனைவி பிரகதாம்பாள் முன்கதவைத் திறந்து எழில்மொழியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிக் கதவைச் சாத்தினாள்.

எஞ்சினைப் போட்டபோது மீட்டரில் நூற்றி ஒன்று. இன்னும் இருபத்தாறு கிலோமீட்டர்.

முதல் எட்டுக் கிலோமீட்டர் வண்டி பேச்சைக் கேட்டது. டர்போ விழித்துக்கொள்ளாத அளவுக்கு மிதித்து, டாப் கியரில் எண்பதிலேயே வைத்திருந்தாள். காற்று முன்னாலிருந்து அடித்தது. தொண்ணூற்றி எட்டு, தொண்ணூற்றி ஆறு. பின்னால் ஹாஃபிஸா எண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சைத்தான் எண்ணுகிறாள் என்று எழில்மொழிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் மூச்சை எண்ண, இவள் டிகிரியை எண்ணினாள். ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஏறாமல் இருக்க வேண்டும்.

வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு, அறுப்பு மெஷினை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தாள். ஒதுங்க அதற்கு இடமில்லை. நூறு. நூற்றி மூன்று. நூற்றி ஆறு.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள்ளே இறங்கும். வெளியே முப்பத்தேழு டிகிரி. உள்ளே மூச்சுக்குத் தவிக்கிற ஒரு ஆள்.

"சிஸ்டர், ஹீட்டர் போடணும். உள்ள நெருப்பா இருக்கும். அவரு தாங்குவாரா?"

ஹாஃபிஸா பதில் சொல்லுமுன் பிரகதாம்பாள் கேட்டாள். "போடலன்னா?"

"வண்டி நின்னுடும்."

"அப்பறம் என்ன கேள்வி? போடு."

அனல் பிரகதாம்பாளின் கால்களில்தான் முதலில் அடித்தது. அவள் காலை நகர்த்தவில்லை. முந்தானையை விரித்து, காற்று பின்னால் போகாதபடி இரண்டு சீட்டுக்கும் இடையில் திரை போலப் பிடித்துக்கொண்டாள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்தது. மீட்டர் நூற்றி மூன்றுக்கு இறங்கியது. நெல் முடிந்த இடத்தில் லாரி ஒதுங்க, எழில்மொழி தாண்டினாள்.

அடுத்தது ரயில்வே கேட். மூடியிருந்தது.

முன்னால் ஒரு டவுன்பஸ், இரண்டு லோடு ஆட்டோ. எஞ்சினை அணைத்தாள். ஃபேன் இரைந்தது. நூற்றி எட்டு, நூற்றிப் பதினொன்று என்று அணைத்த எஞ்சின் தன் பாட்டுக்குச் சூடேறியது. இறங்கி பானட்டைத் திறந்தாள். ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது, தொட்டால் முகமே வெந்துபோகும். ரேடியேட்டரின் தகடுகள் மேல் வெளியிலிருந்து தண்ணீர் விடலாம். தண்ணீர் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள்.

பிரகதாம்பாள் அதற்குள் கேட் ஓரத்து டீக்கடைக்கு ஓடியிருந்தாள். டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தளும்பத் தளும்பக் கொண்டுவந்தாள். அறுபது வயதுக்காரி. தெருவில் அவள் நடந்தே எழில்மொழி அதிகம் பார்த்ததில்லை.

"எங்க ஊத்தணும்?"

"முன்னாடி இந்தக் கம்பிங்க மேல மட்டும். உள்ள தெறிக்கக் கூடாது."

குவளை குவளையாக ஊற்றினார்கள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் சீறி ஆவியாயிற்று. இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி. பஸ்ஸின் கண்டக்டரும் ஒரு குடத்தோடு வந்தார்.

"அந்த மனுவ நான்தான் எழுதுனேன்," என்றாள் பிரகதாம்பாள், குவளையைச் சாய்த்தபடியே. "அவருக்கு எழுத்து கோணலா வரும். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். சொல்லாததும் ரெண்டு வரி சேத்தேன்."

எழில்மொழியின் கை நின்றது. எந்த இரண்டு வரி என்று கேட்க வாயெடுத்தாள். அந்தக் காகிதத்தை அவள் படித்திருக்கிறாள். 'இவர்கள் முன்பு இப்படி இல்லை' என்ற ஒரு வரி மனப்பாடமாகவே இருந்தது. ரயில் கடகடத்துப் போனது.

"ஊத்துங்க," என்றாள்.

கேட் ஏறியபோது நூற்றி மூன்று. ஏறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஹாஃபிஸாவின் குரல் வேறு மாதிரி வந்தது. "அக்கா, மூச்சு நின்னுபோச்சு. நான் பையில குடுக்குறேன். நாடி இருக்கு. எங்கயும் நிறுத்தாதீங்க."

புஸ், புஸ் என்று பை அமுங்கும் சத்தம். அதன் பிறகு வண்டிக்குள் வேறு சத்தமில்லை. புறவழிச்சாலையில் நூற்றிப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனாள். மீட்டர் தொண்ணூற்றி ஒன்பதுக்கு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. சிக்னல், பள்ளி வேன்கள், குறுக்கே தோண்டிப் போட்ட பள்ளம். நூற்றி எட்டு, நூற்றிப் பன்னிரண்டு. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டரைக் கிலோமீட்டர். நூற்றிப் பதினைந்தில் எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. இதற்கு மேல் போனால் எஞ்சினின் அலுமினியத் தலை வளையும், கேஸ்கட் போகும். மூன்று வருடமும் போகும். இப்போதே ஓரங்கட்டினால் எஞ்சின் பிழைக்கும். வலப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் நாலு ஆட்டோ நின்றன.

"சிஸ்டர், ஆட்டோவுக்கு மாத்தலாமா?"

"மாத்துற நேரம் பைய விட்டுடணும். முடியாதுக்கா."

பிரகதாம்பாள் மீட்டரைப் பார்த்தாள், எழில்மொழியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எண்ணின் கணக்குத் தெரியாது, மணி எதற்குக் கத்துகிறது என்று மட்டும் தெரிந்தது. எழில்மொழி கையை நீட்டி மணியின் வயரைப் பிடுங்கினாள்.

நூற்றுப் பதினெட்டு. அதற்குப் பிறகு அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. பானட்டின் விளிம்புகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலுக்குள் திருப்பும்போது எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று உதறி நின்றது. கிளட்சை மிதித்து, வந்த வேகத்திலேயே உருளவிட்டாள். ஸ்டியரிங் கல்லாக இறுகியது, பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் சாய்தளத்துக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். பையை அமுக்கியபடியே ஸ்ட்ரெச்சரோடு ஹாஃபிஸாவும் உள்ளே போனாள். வந்த வழியில் ஒருமுறைகூட அவள் கை நிற்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஹாஃபிஸா வெளியே வந்தாள். விரல்களை மடக்க முடியாமல் விரித்து வைத்திருந்தாள். "மிஷின்ல போட்டுட்டாங்க. இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கு மேல சொல்ல மாட்டேங்கிறாரு."

காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கீழே பச்சையாகக் கூலன்ட் சொட்டி, சிமென்டுத் தரையில் சின்னக் குளம் போலத் தேங்கியிருந்தது. முலை தொங்கிய ஒரு தாய் நாய் வாலை ஆட்டிக்கொண்டு அதனிடம் வந்தது. அது இனிப்பாக இருக்கும். நாலு நக்கு நக்கினால் நாய் செத்துப்போகும். "சூ!" என்று எழில்மொழி விரட்டினாள். அது நாலடி தள்ளி உட்கார்ந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். பச்சை இன்னும் பரவியது.

பிரகதாம்பாள் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். நாயை ஏன் விரட்டுகிறாள் என்று கேட்டாள். எழில்மொழி சொன்னாள். கேட்டுவிட்டு அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெந்து சிவந்திருந்த கால்களோடு வண்டியின் அந்தப் பக்கம் போய் நின்றாள். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, மெல்ல டிக்கிப் பக்கமாகச் சுற்றி வரத் தொடங்கியது.