வீணாக்கத்தான் வச்சிருக்கேன்

பஸ் சீட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள், உட்கார்ந்துதான் பார்த்திருப்பீர்கள். முதுகு சாய்கிற இடத்துக்கும் உட்காருகிற மெத்தைக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. பயணம் போகிறவர்கள் பையிலிருந்து நழுவுகிற சாமானில் பாதி அதற்குள்தான் போய் ஒளிந்துகொள்ளும். சீப்பு, பேனா மூடி, ஒற்றைத் தோடு, மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். ஒரு தடவை குழந்தையின் பால் பல்கூடக் கிடைத்தது. பல் எப்படி அங்கே விழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், பிரேக் போட்ட டிரைவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்ல வந்த அம்மா, பஸ் பணிமனையில் கிழிந்த சீட் தைக்கிறவள். அங்கே அவளுக்கு சீட்டக்கா என்று பெயர். தோடு, சாவி மாதிரி சாமான் கிடைத்தால் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் குப்பைத் தொட்டிக்கு. சீட்டக்காவும் வருஷக்கணக்காக அப்படித்தான் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வீடு காலியானது. பெரியவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். சின்னவன் வேலை கிடைத்து இன்னோர் ஊருக்குப் போனான். வீட்டில் சீட்டக்காவும் அவள் புருஷனும் மட்டும். அவருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ், எதைக் கொடுத்தாலும் ஓட வைத்துத் தருவார். ஓடாத பொருளைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு, "அந்த காலிங் பெல் ஏன் கரகரங்குது, ஸ்டூல் இருக்கா?" என்பார்.

பிள்ளைகள் போன பிறகு சீட்டக்காவை எது படுத்தியது தெரியுமா? அழுகையெல்லாம் ரெண்டு மாசத்தில் அடங்கிவிட்டது. வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காலையில் மேசை மேல் சீப்பை வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் சீப்பு அங்கேயே கிடக்கும். யாரும் எடுத்துத் தலை வாரி, எங்கேயாவது போட்டு, "நான் எடுக்கல" என்று சண்டை போடவில்லை. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே துண்டை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தால் அவர் அதை மடித்துக் கொடியில் போட்டிருந்தார். அன்றைக்கு வந்ததே ஒரு கோபம்!

மறுநாள் பணிமனையில், கூட்டித் தள்ள வேண்டிய சாமானைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாளும். வழியில் பஸ் நிறுத்தத்தில் காற்று முறுக்கிப் போட்டுவிட்டுப் போன குடை ஒன்று கம்பியெல்லாம் திரும்பிக் கிடந்தது. அதையும் தூக்கிக்கொண்டாள். சின்னவன் ரூமில் கட்டிலைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சீட் தைக்கிற வளைந்த ஊசி, மெழுகு போட்ட நூல், அறுந்த சீட் ஸ்பிரிங். குடைக் கம்பியை ஸ்பிரிங்கோடு வைத்துத் தைத்தாள். பசை கிடையாது, ஆணி கிடையாது. ஒரு பஸ் நிறைய ஆள் ஏறி இறங்கினாலும் அவிழாத முடிச்சு எதுவோ, அந்த முடிச்சு.

அது வளர்ந்தது. சலூன்காரர் தூக்கிப் போட்ட சுவர் ஃபேன் ஒன்று தோளில் ஏறியது. யாரோ மாடியிலிருந்து எறிந்த மிக்சி வயிற்றில் உட்கார்ந்தது. மணி அடிக்காத அலாரம் கடிகாரம், எரியாத டார்ச், ஒற்றை ஊன்றுகோல், சீப்புகளை வரிசையாகத் தைத்து ஒரு பிடரிமயிர். அறையில் முக்கால்வாசி அதற்கே சரியாகப் போனது.

எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "இது என்னக்கா, யானையா ஒட்டகமா?"

"தெரியல. வளர்ந்து பெருசானா அதுவே சொல்லும்."

"பெத்ததுங்க ரெண்டும் பெருசாகிச் சொல்லிடுச்சாக்கும்?"

"அதுங்க சொல்லாமலேதானே போச்சு. இது சொல்லிட்டுப் போகட்டும்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் எதிர்வீட்டுக்காரி சிரித்ததோடு நிறுத்தவில்லை, பெரியவளுக்கு போட்டோ எடுத்தும் அனுப்பிவிட்டாள். அன்றைக்கே போன் வந்தது.

"அம்மா, என்னம்மா இது? தம்பி ரூம் பூரா குப்பை?"

"குப்பை தெருவுல இருந்துச்சு. நான் எடுத்துட்டு வந்ததும் அது குப்பை இல்ல."

"சரி, கோவிச்சுக்காத. நானும் தம்பியும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணிட்டோம். என் ஃப்ரெண்டோட தங்கச்சி அங்க காலேஜ்ல சேர்ந்திருக்கா. அந்த ரூம்ல அவ தங்கிக்கட்டும். உங்களுக்கும் ஒரு துணை. ஞாயித்துக்கிழமை நாங்க வந்து ரூமை ஒழிச்சுக் கொடுக்கிறோம்."

"யாரைக் கேட்டு?"

"அப்பாவைக் கேட்டேனே. 'அம்மாவைக் கேளு'ன்னாரு."

"அம்மாவை எப்போ கேட்ட?"

"இப்போ சொல்றேன்ல?"

சீட்டக்கா போனை வைத்துவிட்டாள். அந்தத் தைத்த உருவம் கதவு வழியாக வெளியே வராது. ரூமை ஒழிப்பது என்றால் அதைத் துண்டு துண்டாக அறுப்பது என்றுதான் அர்த்தம். புருஷனிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "பிள்ளைங்க நல்லதுக்குத்தானே சொல்லுதுங்க" என்றார். அப்புறம், "ஆனா குப்பைன்னு சொன்னது சரியில்ல" என்றார்.

இந்த இடத்தில்தான் அந்த நல்ல மனுஷன் ஒரு காரியம் பண்ணினார். வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் கடையைப் பூட்டிவிட்டு டூல்ஸ் பெட்டியோடு அந்த ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். "இங்க நில்லு. பார்த்துக்கிட்டே இரு." ஒரு ஸ்விட்சைத் தட்டினார்.

ஃபேன் சுற்றியது. மிக்சி உறுமியது. டார்ச் பளிச்சென்று எரிந்தது, அலாரம் தெருவே எழுந்துகொள்கிற மாதிரி அடித்தது. முறுக்கிக்கொண்டு கிடந்த குடைக் கம்பியெல்லாம் நிமிர்ந்து, துரு நீங்கி, எண்ணெய் பூசி, அணிவகுப்புக்கு நிற்கிற மாதிரி நின்றன.

"எல்லாம் ஓடுது பாரு! இனிமே யாராவது குப்பைன்னு சொல்லட்டும், பார்ப்போம்!"

சீட்டக்கா நிமிர்ந்து நின்ற ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் குடை, காற்றோடு மல்லுக்கட்டித் தோற்ற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்ததற்காகத்தானே அதைத் தூக்கி வந்தாள்? கத்தலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் விரல் முட்டியில் தோல் பெயர்ந்திருந்ததைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டிருக்கவும் இல்லை, மூடி வைத்த தட்டு அப்படியே இருந்தது.

"அலாரத்தையாவது நிறுத்துங்க, காது போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். முகம் கழுவினார்களோ இல்லையோ, நேரே ரூமுக்குப் போனார்கள். பெரியவள் வாசலிலேயே நின்று, "அய்யோ, போட்டோல பார்த்ததைவிடப் பெருசா இருக்கே" என்றாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். எல்லாம் ஓடியது.

ரெண்டு பேரும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு?

"அக்கா, மிக்சி சூப்பரா ஓடுது பாரேன்" என்றான் சின்னவன். "எங்க ரூம்ல மிக்சியே இல்ல. நாலு தடிப்பசங்க, எல்லாத்தையும் கல்லுல நசுக்கிட்டு இருக்கோம்."

"அப்போ மிக்சி உனக்கு. அந்த ஃபேனை நான் எடுத்துக்கிறேன். குழந்தை படுக்கிற பக்கம் காத்தே வரமாட்டேங்குது."

"டார்ச்?"

"அதை அப்பா வச்சுக்கட்டும். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டா ரூம் காலி. பார்த்தியாம்மா, எவ்வளவு சுலபமா முடிஞ்சுடுச்சு!"

உடைந்து கிடந்தவரை அதை யாரும் தொடவில்லை. ஓடத் தொடங்கியதும் பங்கு போட ஆள் வந்துவிட்டது. அப்பா முகத்தைப் பார்க்கணுமே, சின்னக் குழந்தை கையிலிருந்து பலூன் நழுவின மாதிரி. சின்னவன் அதற்குள் டூல்ஸ் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, ஃபேனைப் பிடித்திருந்த முடிச்சில் வைத்து அழுத்தினான். நூல் டக்கென்று அறுந்தது.

"கையை எடு."

சீட்டக்கா சத்தம் போடவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போன நாளில் அந்தக் குரலுக்குத்தான் ரெண்டும் போர்வையை உதறிவிட்டு எழுந்திருக்கும். இப்போதும் கை தானாக இறங்கியது.

"ஏம்மா, நல்லா ஓடுற ஃபேனை யாராவது இப்படி வீணாக்குவாங்களா?"

"வீணாக்கத்தான் வச்சிருக்கேன்."

"அம்மா, சொல்றதைக் கேளு…"

"நீ கேளு. ஒரு பொருள் உனக்கு ஆகும்னா எடுத்துக்கிட்டுப் போற. ஆகாதுன்னா பழைய இரும்புக்குப் போடுங்கிற. ரெண்டுலயும் சேராம சும்மா ஒண்ணு இந்த வீட்டுல இருக்கக் கூடாதா? நான் தைச்சேன், இருக்கு, அவ்வளவுதான். எதுக்குன்னு என்னைக் கேக்காத."

"நீ தனியா இருக்கியேன்னுதான்மா…" பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தனியா இருக்கேன்தான். ரெண்டு மாசம் அழுதேன், துடைச்சுட்டு எழுந்தேன். அந்த எடத்துல உக்கார வைக்க ஆள் தேடிக் கொடுக்கச் சொன்னேனா? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணாவே இருக்கட்டும், மகராசியா வேற வீடு பார்க்கட்டும். இது என் ரூம்."

சின்னவன் அசடு வழியச் சிரித்தான். "என் ரூம்மா அது."

"உன் ரூமாத்தான் இருந்துச்சு கண்ணு."

அப்புறம் ஃபேன் பக்கம் திரும்பி, அவன் கையிலிருந்த பிளேயருக்குக் கையை நீட்டினாள். அதற்கு முன்னால் அவள் புருஷன் வந்து பிளேயரை வாங்கிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேன் மூடியைத் திறந்தார். உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருந்தது, முந்தின நாள் அவரே இழை இழையாகப் புதிதாகச் சுற்றியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு பொருளைக் கெடுத்து அறியாத கை அது.

"அப்பா, வேணாம்ப்பா" என்றாள் பெரியவள்.

வைத்து நறுக்கினார். ஒரு இடத்தில் இல்லை, சுற்றிலும். அப்புறம் மிக்சி. கொத்தாகச் செம்பை உருவி எடுத்துக் கீழே போட்டார். இறங்கி வந்து, "இனி நானே நினைச்சாலும் ஓடாது" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் நிமிர்ந்துதான் நின்றார்.

சீட்டக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அணிவகுப்பில் நின்ற குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, முழங்காலில் வைத்து, காற்று முறுக்கின பக்கமே மறுபடி முறுக்கினாள். முந்தின நாள் அதை நிமிர்த்தினவரே பக்கத்தில் நின்று கம்பி நழுவாமல் பிடித்துக்கொடுத்தார். பிள்ளைகள் ரெண்டு பேரும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். "சாரிடி, ரூம் இல்ல… இல்லல்ல, அம்மா அதுல வேலை பண்றாங்க" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது.

திரும்பி வந்தபோது சீட்டக்கா தரையில் உட்கார்ந்து உருவின செம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் அது தகதகவென்று இருந்தது.

"இதை எங்கம்மா வைக்கப் போற?"

"வால் இல்லாம நிக்குது பாரு. ஆனா உள்ள இனி இடமில்ல. கதவைத் தாண்டி ஹாலுக்குத்தான் வரணும்."

"ஹாலுக்கா? அப்போ நாங்க வந்தா எங்க படுக்கிறது?"

சீட்டக்கா ஊசியில் செம்பைக் கோத்துக்கொண்டே கதவு வழியாக ஹாலைக் கண்ணால் அளந்தாள்.

"சுவரோரமா விட்டுத் தைக்கிறேன். பார்த்துத் தாண்டிப் போய்ப் படுத்துக்கோங்க. டேய், சும்மா நிக்காத, அந்த சோபாவை இப்படி நகர்த்து."