வாய் திறக்காத டிரைவர்

தேநீர் இடைவேளை பன்னிரண்டு நிமிடம். பார்சல் கிடங்கின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு கையில் காகிதக் கோப்பையும் மறு கையில் கைபேசியுமாக அவள் 'தாங்கி' தொடரின் ரசிகர் பக்கத்தைத் திறந்தாள். வாரம் தவறாமல் திறப்பதுதான். மற்றவர்கள் அங்கே வருவது அடுத்து என்ன நடக்கும் என்று அடித்துக்கொள்வதற்கு. அவள் வருவது தன் பொய்யில் எங்கே ஓட்டை விழப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து ஒட்டுப்போட்டுக் கொள்வதற்கு. அன்று எடுத்த எடுப்பிலேயே கண்ணில் பட்டது ஒரு விமர்சனம். தலைப்பு 'வாய் திறக்காத டிரைவர்'. எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'பழைய பஸ் டிரைவர்' என்று போட்டிருந்தது. கீழே நூற்று நாற்பத்து மூன்று பின்னூட்டங்கள். இரண்டு வரி படித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுதியது அவள் கணவர்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன். சூப்பர் ஹீரோ என்றாலே எனக்கு ஆகாது. பறப்பான், சுவரை உடைப்பான், சிக்னலில் ஒரு தடவைகூட நிற்க மாட்டான். நம்ம தாங்கி அப்படி இல்லை. அவளுக்கு ஒரே ஒரு சக்திதான். விழுவதை அந்தரத்தில் நிறுத்துவாள். குழந்தை விழுந்தாலும் சரி, கட்டடம் விழுந்தாலும் சரி, கையை நீட்டினால் நிற்கும். ஆனால் பறக்கத் தெரியாது. இடத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? அங்கேதான் டிரைவர் வருகிறார். அவருக்குச் சக்தி எதுவும் கிடையாது, லைசென்ஸ் மட்டும்தான். இரண்டாவது சீசனில் தொண்டையில் அடிபட்டுப் பேச்சு போய்விடுகிறது. அதற்கப்புறம் மூன்று சீசனாக அந்த நடிகர் ஒரு வார்த்தை பேசவில்லை, துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். மழையில் நிற்கிற ஒரு அம்மாவைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, தன் குடையைக் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே வந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாரே, அதற்கு ஒரு வசனம் உண்டா? உடம்பில் ஒன்று போனால் ஆள் போய்விடுவதில்லை என்று எனக்கு யார் யாரோ சொன்னார்கள். மண்டையில் ஏறவில்லை. இந்த ஆள் சொல்லாமலே புரியவைத்தார். விருது கொடுக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்கணும்."

கீழே ஊர் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. "அண்ணே, டிவி எந்தக் கடையில வாங்கினீங்க? எங்களுக்கும் ஒண்ணு சொல்லுங்க." "டிரைவர் செத்து மூணு சீசன் ஆச்சு பெரியவரே. பஸ்ஸோட ஆத்துல விழுந்தாரே, பார்க்கலையா?" ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டிருந்தார்: "அந்தக் குடை சீன் எந்த எபிசோட்? நாலு தடவை தேடிட்டேன், கிடைக்கலை."

கிடைக்காது. அந்தக் காட்சி எங்கேயும் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளே இட்டுக்கட்டியது.

மணி அடித்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அவள் வேலையே வாசிப்பதுதான். ஓடும் பட்டையில் வருகிற பொட்டலங்களின் முகவரியை ஒருத்தர் உரக்க வாசிக்க வேண்டும், எதிரே நிற்பவர் அதைக் கேட்டு அந்தந்த ஊர் மூட்டையில் போடுவார். பத்தொன்பது வருடமாக அவள் வாசிக்கிறாள். கிடங்கில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எழுத்து அழிந்திருந்தால் ஊகித்துச் சொல்லக்கூடாது, 'தெரியலை' என்று சொல்லிச் சிவப்புத் தொட்டியில் ஒதுக்கிவிட வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். ஒரு கதவு எண்ணைக்கூட அவள் சொந்தமாகச் சேர்த்ததில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு செத்த மனிதரை மூன்று சீசன் உயிரோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவருக்குக் கண் ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. நரம்பு வாடிவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு ஆறுதல் எல்லாம் சொல்லாதே. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லு. அது போதும்." அவள் சரி என்றாள். மனதாரத்தான் சொன்னாள். நான்காம் நாள் அவர் பணிமனைக்குப் போய்ச் சீருடையையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு வந்தார். அன்று சனிக்கிழமை. வழக்கம்போல 'தாங்கி' போட்டார்கள். அவர்களுக்குப் புரியாத பாஷைத் தொடர் அது, கீழே தமிழில் எழுத்து ஓடும். முன்பெல்லாம் இருவரும் பார்த்தார்கள், அவர் மருத்துவ விடுப்பில் இருந்த கடைசிச் சில மாதங்களாக அவள் வாசிக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பார்த்து அந்த டிரைவரின் பஸ் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. தாங்கி ஓடி வந்து கையை நீட்டுவதற்குள் தண்ணீர் மூடிவிட்டது. 'அவர் போய்விட்டார்' என்று எழுத்து வந்தது. அவள் அதைப் பார்த்தாள், பக்கத்தில் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "தொண்டையில அடியாம். பிழைச்சுக்குவாராம், ஆனா பேச்சு வராதாம்," என்று வாசித்தாள்.

டிரைவரின் குரல் இல்லாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வண்டிச் சத்தத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. முப்பத்தோரு வருடம் என்ஜினோடு குடித்தனம் நடத்திய காது அது. "இது பஸ் சத்தம் மாதிரி இல்லையே, கார் மாதிரில்ல உறுமுது?" என்பார். "புது வண்டி குடுத்திருக்காங்க," என்பாள். "அதானே, பழசுக்கு கியர் மாத்தறப்ப ஒரு இருமல் இருக்கும்," என்று அவரே திருப்திப்பட்டுக்கொள்வார். இப்படியே ஓடியது. கடைசி அத்தியாயத்துக்கு நாலே நாள் இருக்கும்போது, பேசும் கைபேசியில் தானாகவே விமர்சனம் சொல்லிப் பதிவேற்றுவார் என்று அவள் கண்டாளா? சொல்லாமல் செய்திருக்கிறார், அவளை ஆச்சரியப்படுத்துவதற்காக இருக்கும்.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் கைபேசிதான் பேசிக்கொண்டிருந்தது. இயந்திரக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் பின்னூட்டங்களை வாசித்தது. "பெரியவர் கனவில் பார்த்திருப்பார். சிரிக்கும் முகம். சிரிக்கும் முகம். சிரிக்கும் முகம்." அவர் அதை நிறுத்தினார்.

"டிரைவர் செத்துட்டாரா?"

"ஆமாங்க."

"எப்போ?"

"ரெண்டாவது சீசன்லயே. அந்த ஆத்துல விழுந்த அன்னிக்கு."

அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த கைபேசியைத் தடவிக்கொண்டே இருந்தார். "குடை?"

அவள் பையைத் தரையில் வைத்தாள். "அது நான்தான்," என்றாள்.

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. "ஊரு சிரிக்குது, சிரிச்சுட்டுப் போகட்டும்," என்றார். "சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சுன்னு நீ சொன்னா நான் காலை எடுத்து ரோட்டுல வைக்கிறேன். அது உனக்குத் தெரியும்ல?" கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றாள். பட்டனைப் போட்டபடியே வாசலுக்குப் போய் நின்றார். மாடி வீட்டு நர்ஸ் வேலைக்கு இறங்கி வரும் நேரம் அது. "அம்மா, இந்தச் சட்டை என்ன கலர்?" என்று அவர் கேட்பதும், "நீலம் சார், நல்லா இருக்கு," என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போவதும் சமையலறை வரை கேட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டதைவிட, உண்மை சொல்லியும் சாட்சி தேவைப்பட்டது அவளுக்கு வலித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. மருந்துக் கடைக்குப் போகும்போது அவர் அவள் தோளில் கை வைக்கவில்லை. தடியால் ஒவ்வொரு படியையும் தட்டித் தட்டி இறங்கினார். அவள் பின்னால் நடந்தாள். கல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது, சொன்னால் அவர் நின்று அதையும் தடவிப் பார்ப்பாரோ என்று விழுங்கிக்கொண்டாள். கிடங்கில் அந்த வாரம் அவள் சிவப்புத் தொட்டி நிரம்பியது. தெளிவாக இருந்த முகவரிகளைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தெரியலை," என்று ஒதுக்கினாள். "ரேடியோவுக்கு என்னாச்சு?" என்று எதிரே நின்றவர் கேட்டார். தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டை அவர் முன் வைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள். மனதில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு எல்லாம் மறந்துபோய், கோபமாகத்தான் வந்தது.

"தப்புத்தாங்க. வாக்குக் குடுத்துட்டுப் பொய் சொன்னேன். ஆனா அன்னிக்கு நீங்க யூனிஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அந்த ஆளு வண்டியோட விழறான். அதை என் வாயால எப்படிங்க வாசிப்பேன்?"

அவர் சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "அன்னிக்குச் சரி. அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். அந்த வாரம் முழுக்க நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தீங்க. சனிக்கிழமை நானே டிவியைப் போட்டேன். எழுந்து வந்து உட்கார்ந்து, 'நம்ம ஆளு இப்ப எப்படி இருக்கான்?'னு கேட்டீங்க." அவள் தண்ணீர் டம்ளரை அவர் கைப்பக்கம் நகர்த்தினாள். "ஏழு நாள் கழிச்சு நீங்க பேசின முதல் பேச்சு அதுதாங்க. செத்துட்டான்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுக்கு வெளியே ஏதாவது சிந்தியிருக்கிறதா என்று கேட்டார். "நாலு பருக்கை," என்றாள். வந்து, குனிந்து, மேசையைத் தடவிப் பார்க்காமல் துணியால் துடைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அந்தி. கடைசி அத்தியாயம். அவள் டிவி போடலாமா வேண்டாமா என்று தயங்கும்போது அவராகவே வந்து சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு ஒப்பந்தம்," என்றார். "வாசிக்கிறப்போ கையை உன் மடியில வச்சுக்கோ. கதை விடணும்னு தோணுச்சுன்னா என் கையைப் பிடிச்சுட்டு விடு. எது எதுன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

"ரோடு தாண்டறப்போ?"

"அப்போ மட்டும் கையையும் பிடி, நிஜத்தையும் சொல்லு."

ஐந்து நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு வாசித்தாள். முகவரி வாசிப்பதுபோல், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள். நகரம் முழுக்க இடிந்து விழுவதையும், தாங்கி இரண்டு கைகளாலும் அத்தனையையும் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருப்பதையும், அவள் மூக்கிலிருந்து ரத்தம் வருவதையும் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு தாங்கி ஒரு பழைய கொட்டகைக்குப் போகிறாள். உள்ளே ஆற்றிலிருந்து மீட்ட பஸ் நிற்கிறது, சேறு காய்ந்து, கண்ணாடி இல்லாமல். அவள் அதன் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருகிறாள். எழுத்து வந்தது. மனைவி வாசிப்பதை ஒரு கணம் நிறுத்தினாள்.

"வாசி," என்றார் அவர்.

"'ஊரையே தாங்கினேன். உன்னை ஒருத்தனைத் தாங்க முடியலையே,'" என்று வாசித்தாள்.

அவர் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. மூன்று சீசன் தாமதமாக, அந்த டிரைவருக்காக அவர் அழுதார். அவள் மடியில் இருந்த கைகளைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாங்கி சீட்டிலிருந்து இறங்கினாள், கொட்டகைக் கதவு மூடியது, இசை வந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. பேருதான் ஓடுது."

பெயர்களும் ஓடி முடிந்து, இசை நின்று, திரை முழுக்கக் கறுப்பானது. எழுந்து விளக்கைப் போடலாம் என்று அவள் நினைத்தபோது பக்கத்தில் ஏதோ அசைந்தது. அவருடைய கை. சோபாவில் இருவருக்கும் நடுவே, உள்ளங்கை மேலே பார்க்க, விரித்து வைத்திருந்தார். முகம் நேரே டிவியைப் பார்த்தபடி இருந்தது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமே இல்லாத திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரோ கொட்டகைக் கதவைத் தள்றாங்க," என்றாள். "சத்தம் போடாம, மெதுவா."