நாற்பத்திரண்டாவது மெஷின்

என் சுபாவம் அப்படி. கடைக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்க்கமாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன். யாராவது எதையாவது இலவசம் என்றால், அவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

எங்களுடையது சின்ன ஹோஸ்டிங் கம்பெனி; மற்றவர்களின் வெப்சைட், கணக்குவழக்கை எங்கள் கம்ப்யூட்டர்களில் வைத்து நடத்தித் தருவது. மருந்துக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். உள்ளறையில் மூன்று சர்வர்கள், ஒரு ஏசி, ஏசி ஒழுகினால் வைக்க ஒரு பக்கெட். ஒரே வீட்டைத் தடுத்துப் பல போர்ஷன்களாக வாடகைக்கு விடுவதுபோல, ஒவ்வொரு சர்வரையும் ஒரு மென்பொருள் உள்ளுக்குள்ளேயே பல மெஷின்களாகப் பிரித்துத் தரும். பல் டாக்டர், டியூஷன் சென்டர், லாரி ஆபீஸ் என்று நாற்பத்தொரு வாடிக்கையாளர்கள், ஆளுக்கொரு மெஷின். வெளியறையில் என் மனைவி போன் எடுப்பாள். உள்ளே எல்லாமே அவள் தம்பி, என் மைத்துனன். அவன் இல்லாவிட்டால் எனக்கு அந்தச் சர்வர்களை ஒழுங்காக அணைக்கக்கூடத் தெரியாது.

அந்தப் பிரிக்கும் மென்பொருளைத் தந்தவர்கள், இனிமேல் சின்ன ஆட்களோடு வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்கு வேறு மென்பொருள், மைத்துனன் பாஷையில் பிளாட்ஃபார்ம், தேட வேண்டியதாயிற்று. காசு கட்டி வாங்குவது ஒன்று, இலவசமாகக் கிடைப்பது ஒன்று. காசு கட்டுவதை விற்க டை கட்டிய ஒருவர் நேரில் வந்து தேன் தடவிப் பேசினார். மைத்துனன் அவர் பக்கம் சாய்ந்தான்.

"மாமா, ஒரு சர்வர் படுத்துட்டாலும் அதுல இருக்கறதெல்லாம் தானா அடுத்ததுல எழுந்துக்கும். இலவசத்துலயும் அது உண்டு. ஆனா மக்கர் பண்ணா நான் ஒத்தையா உக்காந்து மல்லுக்கட்டணும். இவங்கன்னா போன் போட்டா ஆள் வரும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் டை கட்டியவர் அவனுக்கு ஒரு பேனா கொடுத்திருந்தார். வெறும் பேனாதானே என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

"ரெண்டையும் சோதிச்சுப் பாத்துடலாம் மாப்ள. யார் பேச்சையும் நம்ப வேணாம்."

"அப்போ எந்த மெஷின் யாருதுன்னு மொதல்ல பட்டியல் போடணும்."

மறுநாள் மத்தியானம் பட்டியலோடு வெளியறைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"வாடிக்கையாளர் நாப்பத்தொண்ணு. மெஷின் நாப்பத்திரண்டு. ஒண்ணு யாருதுன்னே தெரியல மாமா. பேரு 'பேக்கப் இரண்டு'. இவ்வளவு நாளா நீங்க வெச்சதுன்னு நெனச்சு தொடாம விட்டுட்டேன்."

அது நான் வைத்ததுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் போன் வந்தாலே எழுந்து தெருவுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான். தனிக் கடை போடப் போகிறான், என் வாடிக்கையாளர்களைத் தள்ளிக்கொண்டு போகப் போகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, வெளியாள் ஒருவரை வரவழைத்து அதை வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும். எட்டு மாதமும் அவ்வப்போது நாலைந்து படங்களைப் புரட்டிப் பார்த்தேன்; வேலை, வேலை, வேலைதான். ஒன்றும் சிக்காததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

"நீங்க வெச்சீங்களா மாமா?"

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "போன மாசம் அந்த டை கட்டினவர் லேப்டாப்ப நம்ம லைன்ல சொருகினாரே!"

"எனக்கு அப்பவே டவுட்டு மாப்ள. பேனாவ நீட்டும்போதே நெனச்சேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான். "இலவசமே போதும் மாமா. அந்தாளோட சங்காத்தமே வேணாம்" என்றான். பாவம், அந்த மனுஷர். எங்கள் பிளாட்ஃபார்ம் இப்படித்தான் முடிவானது.

ஆனால் அவன் அதோடு விடவில்லை. "அவர உள்ள விட்டது நான். வாடிக்கையாளருங்க விவரத்த யாராவது பாத்திருந்தா, நாப்பத்தொரு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். அக்கா, நம்பரெல்லாம் எடுத்து வை." அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"எதுக்கு ஊரக் கூட்டற? சத்தமில்லாம அழிச்சுடு."

"அழிச்சுட்டா யாருன்னு எப்படி மாமா தெரியும்?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கடைக்காரர் விரலை நான் பார்க்கும் பார்வை.

உள்ளே போய் உட்கார்ந்தான். நானும் மனைவியும் பின்னால் நின்றோம். முதலில் அந்த மெஷினை உருவாக்கிய தேதியைப் பார்த்தான். "டை கட்டினவர் வர்றதுக்கு ஏழு மாசம் முந்தி இருக்கு. ஞாயித்துக்கிழமை." பழைய அட்மின் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டான், திறந்தது. வரிசை வரிசையாகப் படங்கள். ஒன்றில் அவன் மகனுக்கு ஆன்லைனில் ஷூ அளவு பார்த்த பக்கம். இன்னொன்றில் அவன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் அனுப்பிய மெயில்.

"இது உன் ஸ்க்ரீன் ஆச்சேடா" என்றாள் மனைவி. "அம்மாவுக்கு ஆபரேஷனா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"உனக்குத் தெரிய வேணாம்னாங்க அம்மா. நீ பயப்படுவியாம். அதான் வெளிய போய்ப் பேசிட்டிருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சாவி யாரிடம் இருந்தது என்று அவன் கேட்கவில்லை. பட்டியலை எடுத்து, நாற்பத்திரண்டாவது வரியில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினான்.

"மாப்ள, நான் எதுக்கு வெச்சேன்னா..."

"எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக் குடுத்துட்டுத்தான் போவேன். இதையும் சேத்துத்தான்" என்றான் அவன். "அதுக்கப்புறம் யார்கிட்ட ஒப்படைக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, சார்."